கேமுக்கு இடம் வெளியே: ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோடு இரண்டு வாரம்

என் லேப்டாப்பில் இருப்பது 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ், அலுவலக வேலை, போனிலிருந்து இறக்கிய படங்கள் எல்லாம் போக மிச்சம் 130 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3 கேட்பதோ 150 ஜிபி. லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் கணக்கைப் பார்த்துவிட்டு, "மாமா, அலமாரியில ஒரு டிஸ்க் சும்மாதானே கெடக்கு, அதுல போட்டா ஓடாதா?" என்றான். ஓடும். எது ஓடும், எது நொண்டும் என்று பார்க்கத்தான் இந்த இரண்டு வாரமும் போனது.

அலமாரி டிஸ்க் உள்ளங்கை அளவு: 2.5 அங்குலம், 1 டிபி, நிமிடத்துக்கு 5,400 சுற்று, யூஎஸ்பி 3.0. ஒப்பிட்டுப் பார்க்க நண்பரிடம் ஒரு வெளி எஸ்எஸ்டியும் இரவல் வாங்கினேன்.

பொருத்துவதற்கு முன்

டிஸ்க்கில் இருந்த கல்யாண ஆல்பத்தை முதலில் வேறு இடத்துக்கு மாற்றினேன். கேம் ஓடும் டிஸ்க் மணிக்கணக்கில் சுழலும், சுடும், இடிபடும். குடும்பப் படங்களின் ஒரே பிரதி அதில் இருக்கக் கூடாது.

பிறகு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, இன்றைய கேம்களில் அதைவிடப் பெரிய ஃபைல்கள் சாதாரணம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவுக்கு ஒரு நிரந்தர எழுத்தும் கொடுத்துவிடுங்கள். நான் 'ஜி' கொடுத்தேன். இல்லாவிட்டால் என்றோ ஒரு பென் டிரைவ் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும், கேம் காணாமல் போனதாக ஸ்டீம் சொல்லும். ஸ்டீமில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் டிரைவைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். பழைய யூஎஸ்பி 2.0 துளை காகிதத்தில் விநாடிக்கு 480 மெகாபிட். கைக்கு வருவது 40 எம்பிகூட இல்லை. யூஎஸ்பி 3.0 துளையின் உள்நாக்கு பல லேப்டாப்களில் நீல நிறமாக இருக்கும். அதில் செருகியதும் என் டிஸ்க் பெரிய ஃபைல்களை விநாடிக்கு 110 எம்பி வரை நகர்த்தியது.

ஓட்டியபோது

ஸ்டார்ட்யூ வேலி, ஹாலோ நைட் இரண்டிலும் வித்தியாசமே தெரியவில்லை. 2015இல் வந்த விட்சர் 3 திறக்கும்போது சோம்பல் முறித்தது, உள்ளே போனபின் ஓட்டத்தில் குறையில்லை. ஃபிரேம் ரேட் கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. டிஸ்க் மெதுவானது என்பதற்காக 60 ஃபிரேம் 30 ஆகிவிடாது. ஆனால் செத்துச் செத்துப் பிழைக்கும் என்னைப் போன்ற ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. காபி ஆறுவதற்கு அது போதும்.

ஜிடிஏ 5இல்தான் டிஸ்க்கின் குட்டு வெளிப்பட்டது. நடந்து திரியும்வரை ஒன்றும் தெரியவில்லை. வேகமான கார் ஒன்றைத் திருடி நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் விட்டேன். இரண்டு நிமிடத்தில் தூரத்துக் கட்டடங்கள் சாயம் போன அட்டைப் பெட்டிகளாயின. அடுத்த வளைவில் சாலையின் கோடுகள் இல்லை, பிறகு சாலையே வெறும் சாம்பல் விரிப்பு. காரை நிறுத்தினேன். மூன்று நான்கு விநாடியில் கோடு, விளக்குக் கம்பம், விளம்பரப் பலகை என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. காரின் வேகத்துக்கு டிஸ்க்கால் ஊரைக் கட்டிக் கொடுக்க முடியவில்லை.

சைபர்பங்க் 2077க்கு 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து எஸ்எஸ்டி குறைந்தபட்சத் தேவை. எச்சரிக்கையை மீறி ஓட்டினேன். ஓடியது, ஆனால் மனிதர்கள் தாமதமாகத் தோன்றியதால் அது விளையாட்டாக இல்லை. பால்டர்ஸ் கேட் 3 நிறுவனமும் எஸ்எஸ்டிதான் கேட்கிறது. மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கென்று அமைப்புகளில் ஒரு தேர்வும் வைத்திருக்கிறது. முறை வைத்து ஆடும் கேம் என்பதால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போது மட்டும் அக்கா மகன் திரையைத் தட்டி, "மாமா, இது லோட் ஆகுதா, தூங்குதா?" என்று கேட்டான்.

மூட்டையும் சீட்டும்

110 எம்பி வேகம் இருந்தும் ஏன் இந்தத் திணறல்? மளிகைக் கடைப் பையனிடம் ஒரு மூட்டை அரிசி கேட்டால் ஒரே தூக்கில் கொண்டுவந்து விடுவான். ஐம்பது சாமான் எழுதிய சீட்டை நீட்டினால்? எடை அதே மூட்டையளவுதான். ஆனால் அலமாரிக்கு அலமாரி நடக்க வேண்டும். சினிமா ஃபைலை நகர்த்துவது மூட்டை. கேம் ஓடுவது சீட்டு.

5,400 சுற்று என்றால் தகடு ஒருமுறை சுழல 11 மில்லி விநாடி. தேவையான இடம் தரவைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. முள் சரியான வளையத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஆக ஒரு தேடலுக்கு 15 மில்லி விநாடிக்கு மேல், விநாடிக்கு அறுபது எழுபது தேடல்தான். ஒவ்வொன்றிலும் 4 கேபி கிடைத்தால் மொத்தம் விநாடிக்கு 300 கேபிகூட இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் மூட்டைக் கணக்கு. எஸ்எஸ்டியில் சுழலும் தகடு இல்லை. அதன் ஒரு தேடல் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குள் முடிகிறது.

கேம் தயாரிப்பவர்களுக்கு இந்த நடை தெரியும். அதனால் சிலர் உப்புப் பாக்கெட்டை எல்லா அலமாரியிலும் ஒவ்வொன்று வைத்துவிடுவார்கள். அதாவது ஒரே தரவைப் பல இடங்களில் நகலெடுத்து வைப்பார்கள். ஹெல்டைவர்ஸ் 2 கணினியில் சுமார் 154 ஜிபிக்கு வீங்கியது அப்படித்தான். 2025 கடைசியில் நகல்களை நீக்கி அதைச் சுமார் 23 ஜிபிக்குச் சுருக்கினார்கள். அஞ்சியபடி ஹார்ட் டிஸ்க்காரர்கள் தவித்தார்களா என்றால், இல்லை. ஏற்றும் நேரத்தில் பெரும்பகுதி ஆடுகளத்தை உருவாக்கும் கணக்குக்கே போகிறது என்று தெரியவந்தது. டிஸ்க்கால் கூடுவது சில விநாடிதான்.

ஜிடிஏ ஆன்லைனின் கதையும் அதுதான். ஆறு நிமிடம் வரை இழுத்த ஏற்றுநேரத்துக்கு டிஸ்க்கைத் திட்டாதவர் இல்லை. 2021இல் வெளியார் ஒருவர் நிரலைத் தோண்டிப் பார்த்து, ஒரு பட்டியலைப் படிக்கும் விதத்திலேயே கோளாறு என்று காட்டினார். அதைத் திருத்தியதும் அவருடைய கணினியில் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. புது டிஸ்க்குக்குக் காசு எடுத்துவைக்கும் முன் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தினசரித் தொல்லைகள்

முதல் தொல்லை தூக்கம். சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று கேமை நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பினால் டிஸ்க் சுற்றுவதை நிறுத்தியிருக்கும். தொடரும் பொத்தானை அழுத்தியதும் படம் உறையும், டிஸ்க்குக்குள்ளிருந்து மெல்ல ஒரு ரீங்காரம் எழும், நான்கைந்து விநாடி கழித்து உயிர் வரும். பவர் அமைப்புகளில் ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரத்தை நீட்டியதும் என் டிஸ்க்கில் இது குறைந்தது.

இரண்டாவது கேபிள். டிஸ்க் பக்கம் இருக்கும் அகலமான யூஎஸ்பி 3.0 முனை லேசான அசைவுக்கே ஆடும். மெத்தைமேல் வைத்து ஆடியபோது ஒருமுறை கழன்று, நடந்துகொண்டிருந்த அப்டேட் பாதியில் அறுந்தது. ஃபைல்களைச் சரிபார்க்கும்படி ஸ்டீமிடம் சொன்னதும் கெட்டவற்றை மட்டும் மறுபடி இறக்கிக்கொண்டது. நான் ஆடியவற்றில் சேமித்த ஆட்டங்கள் சி டிரைவிலும் கிளவுடிலும் இருந்ததால் தப்பின.

மூன்றாவது அப்டேட். இந்த ரகச் சிறு டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஓர் ஓட்டை மாற்ற அடுத்தவற்றையும் எடுத்து வேய வேண்டும். அதனால் 2 ஜிபி அப்டேட் இறங்கி முடித்த பிறகும், அதை எழுதி முடிக்க டிஸ்க் முக்கிக்கொண்டிருந்தது.

எஸ்எஸ்டி வந்ததும்

நண்பரின் வெளி எஸ்எஸ்டி 10 ஜிபிபிஎஸ் ரகம், விநாடிக்கு 1,000 எம்பியை ஒட்டிப் போகும். அதற்கு மாறியதும் ஜிடிஏவின் சாலை மறையவில்லை, சைபர்பங்க் மனிதர்கள் நேரத்துக்கு வந்தார்கள். லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டி காகிதத்தில் இதைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகம். ஆனால் ஏற்றும் நேரத்தில் நான் பார்த்த வித்தியாசம் சில விநாடிதான். சீட்டுக் கணக்கில் இரண்டுமே வேகக்கால் பையன்கள். சிக்கல் விலையில்தான்: அதே கொள்ளளவுக்கு ஹார்ட் டிஸ்க்கைவிடக் கூடுதல்.

வாங்கலாமா?

உங்கள் கேம்கள் பெரும்பாலும் 2018க்கு முந்தியவை அல்லது சிறியவை என்றால், வீட்டில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கே போதும். புதுசாக ஒன்றும் வாங்க வேண்டாம். எஸ்எஸ்டி கட்டாயம் என்று எழுதியிருக்கும் கேம்களைத் தினமும் ஆடுபவர் என்றால், வெளி எஸ்எஸ்டிக்குக் காசு சேருங்கள். கேமுக்கென்றே புதிதாக ஹார்ட் டிஸ்க் வாங்குவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நடுவில் ஒரு வழியும் உண்டு, நான் அதற்குத்தான் வந்து சேர்ந்தேன். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபி இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதே கேமை அலமாரி டிஸ்க்கிலிருந்து உள்ளே நகர்த்த அரை மணி நேரம் போதும், ஏனென்றால் நகர்த்துவது மூட்டை வேலை. அதற்காக லேப்டாப்பில் சிலவற்றை நீக்கி 160 ஜிபி காலியிடம் ஒதுக்கினேன். அது எப்போதும் ஒரே ஒரு பெரிய கேமுக்கு. மற்றவை வெளியே கிடக்கும், முறை வரும்போது உள்ளே வரும். இந்த வாரம் யார் முறை என்பதை அக்கா மகன்தான் தீர்மானிக்கிறான்.