தம்பிக்கு எழுதிய அரசியல்

இலக்கியத்தில் அபிப்பிராயத்துக்கு இடமுண்டா என்பது நமது கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி. ஒரு சாரார், அபிப்பிராயம் நுழைந்த இடத்தில் கலை வெளியேறிவிடும் என்பர். மறுசாரார், அபிப்பிராயம் சரியாயிருந்தால் எழுத்தும் சரியாயிருக்கும் என்று நம்புவர். இரு சாராரும் தத்தம் கட்சியிலேயே நின்று காலங்கழித்தாயிற்று. இந்தக் கேள்வியை வேறோர் இடத்திலிருந்து தொட்டுப் பார்க்க ஒரு நூல் உதவுகிறது. அது கவிதையுமல்ல, கதையுமல்ல. கனடாவில் வங்கி ஊழியர் ஒருவரின் மனைவி தன் தம்பிக்கு எழுதிய கடிதங்களும் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளுமே அதில் உள்ளன.

நூலின் பெயர் 'திஸ் இஸ் மை ஓன்'. 'இது என் சொந்தம்' எனலாம். எழுதியவர் மியூரியல் கிடகாவா. தொகுத்தவர் கவிஞர் ரோய் மிகி. வன்கூவரிலுள்ள டாலன்புக்ஸ் பதிப்பகம் 1985 இல் வெளியிட்டது. 1912 இல் வன்கூவரில் பிறந்த மியூரியல் 1974 இல் காலமாகிவிட்டார். தமது நூலை அவர் கண்ணால் காணவில்லை.

இவரது பெற்றோர் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். இவரோ கனடாவிலேயே பிறந்த 'நிசெய்', அதாவது இரண்டாந் தலைமுறையினர். பிறப்பால் பிரஜையாயினும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இவருக்கு வாக்கில்லை. மாகாணத்தில் வாக்கில்லாத காரணத்தால் மத்திய பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்கில்லை. 1936 இல் ஓர் ஆசிரியை உட்பட நால்வர் ஒட்டாவா சென்று தம் சமூகத்துக்காக வாக்குரிமை கேட்டனர்; கிடைக்கவில்லை. இரண்டு வருடங்களின் பின் 'நியூ கனேடியன்' என்ற ஆங்கிலப் பத்திரிகை தொடங்கியது. மியூரியல் அதில் எழுதினார். அந்தத் தலைமுறையிடம் வாக்குச்சீட்டு இல்லை, பேனை இருந்தது.

1941 டிசம்பர் 7 அன்று யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அன்று கனடாவில் யப்பானிய வம்சாவழியினர் ஏறத்தாழ 22,000 பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கனடாவில் பிறந்தவர்கள், அல்லது அந்நாட்டுப் பிரஜாவுரிமை பெற்றவர்கள். முதலில் சுமார் 1,200 மீன்பிடிப் படகுகள் பறிபோயின. யப்பானிய மொழிப் பத்திரிகைகள் மூடப்பட்டன. பின்னர் வானொலிப் பெட்டி, கமெரா, கார் ஆகியனவும் போயின. பொழுது சாய்ந்தால் வெளியே வரக்கூடாது என்றாயிற்று. 1942 பெப்ரவரி 24 அன்று பிறந்த கட்டளை, கரையோரத்திலிருந்து 100 மைலுக்குள் வாழும் யப்பானிய இனத்தவர் அனைவரையும் அகற்ற அதிகாரம் தந்தது. பிரஜையா, பிறநாட்டவரா என்ற பேதம் அதில் இல்லை. வளர்ந்தவர் 150 இறாத்தலும் பிள்ளை 75 இறாத்தலும் எடுத்துச் செல்லலாம். மிச்சமெல்லாம் 'எதிரிச் சொத்துப் பாதுகாவலர்' என்ற அதிகாரியின் பொறுப்பு.

மியூரியலின் தம்பி வெஸ் ஃபுஜிவாரா அப்போது டொரன்டோவில் மருத்துவ மாணவர். கரையோரத்தில் நடப்பது அவருக்குத் தெரியாது. அக்கா எழுதுகிறார். 1941 டிசம்பரில் தொடங்கி, 1942 யூனில் அவரும் டொரன்டோவுக்குப் புறப்படும் காலம் வரையான சில மாதக் கடிதங்களே இந்நூலின் உயிர். இடையில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் எட் வேலையில் தொடர்வாரா, வீதிவேலை முகாமுக்கு அனுப்பப்படுவாரா என்பது தெரியாது. ஒரு நாள் ஒரு கட்டளை வரும். மறுநாள் அது மாறும். மூன்றாம் நாள் அதைப்பற்றி வதந்தி வரும்.

இந்தக் கடிதங்களில் அரசியல் அபிப்பிராயத்துக்குக் குறைவில்லை. யப்பானியரை வெளியேற்றுமாறு கூச்சலிட்ட மாநகர சபை உறுப்பினர்கள், அவர்களுக்குத் தாளம் போட்ட பத்திரிகைகள், வாய்மூடி நின்ற பெரிய மனிதர்கள் எல்லோர்மீதும் அவர் சினக்கிறார். தம் சமூகத்தவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தச் சினம் தனியே மேடையேறுவதில்லை. குழந்தையின் பாலுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களின் விலைக்கும் நடுவில் அது வருகிறது. ஒரு வசனத்தில் அமைச்சரவை; அடுத்த வசனத்தில் குழந்தையின் அழுகை. எந்தப் பெட்டியை எடுப்பது, எதை விடுவது என்று இரவோடிரவாகத் தீர்மானிக்க வேண்டியவரின் அபிப்பிராயம் அது. ஆகவே அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

1942 ஏப்ரலில் அவர் ஹேஸ்டிங்ஸ் பார்க் சென்று வந்து எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். கண்காட்சி மைதானம் அது. வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அங்கே கால்நடைகளைக் கட்டும் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். மியூரியல் அங்கு 'மனித உரிமை' என்ற சொல்லைத் தேடவில்லை. பழஞ்சாணத்தின் நாற்றத்தைச் சொல்கிறார். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே தொங்கும் துணியைச் சொல்கிறார். குளிக்கும் இடத்தையும் கழிப்பிடத்தையும் சொல்கிறார். தம்பி வைத்தியம் படிப்பவன். நோய் எப்படிப் பரவும் என்பதை அவனுக்கு விளக்கத் தேவையில்லை. நாற்றத்தைச் சொன்னால் மீதியை அவன் விளங்கிக்கொள்வான். வாசகரும் அவ்வாறே விளங்கிக்கொள்கிறார்.

இனிக் கட்டுரைகளுக்கு வருவோம். ஒரே பேனை, ஒரே நியாயம், ஆனால் எழுத்து வேறு. பத்திரிகைக் கட்டுரைகளில் மியூரியலின் குரல் உயர்கிறது. தாய்நாடு, விசுவாசம், நீதி, சனநாயகம் என்ற பெருஞ்சொற்கள் அணிவகுத்து வருகின்றன. பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலக் கவிதைகளின் ஓசை வசனங்களில் ஏறிக்கொள்கிறது. நூலின் தலைப்பே வோல்டர் ஸ்கொட்டின் கவிதையொன்றிலிருந்து வந்ததுதான். படிக்கும்போது தலையசைக்கிறோம், மனம் அசைவதில்லை.

இது வெறும் நடைக்குறையல்ல. கட்டுரைகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பதே சிக்கல். அவை வெள்ளையினப் பெரும்பான்மையின் முன் நின்று, நாங்களும் உங்களைப்போன்ற கனேடியர்தாம் என்று மன்றாடுகின்றன. விசுவாசத்தை நிரூபி என்று கேட்பவனிடம் அதை நிரூபிக்கப் புறப்படுவது, அவனுடைய கேள்வி நியாயமானதென்று ஒப்புக்கொள்வதாகும். மெக்கன்சி கிங் பிரதமராயிருந்தபோது 1944 ஓகஸ்டில் பாராளுமன்றத்திலேயே ஒன்றைச் சொன்னார்: கனடாவில் பிறந்த யப்பானிய இனத்தவர் எவர்மீதும் யுத்தகாலத்தில் நாசவேலைக் குற்றமோ துரோகக் குற்றமோ சுமத்தப்படவில்லை. சொன்ன பிறகும் அவர்களை வீடு திரும்ப விடவில்லை. கரையோரத்துக்குத் திரும்பும் உரிமை 1949 ஏப்ரல் 1 அன்றுதான் கிடைத்தது. நிரூபணத்தால் எதுவும் நடக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

இன்னொரு குறையும் உண்டு. சொந்த மண் என்று இக்கட்டுரைகள் உரிமை பேசுகின்றன. அந்த மண் அதற்கு முன் யாருடைய சொந்தமாயிருந்தது என்ற வினா இவற்றின் அக்கறையாக இல்லை. காலத்தின் எல்லை அது என்று நாம் சமாதானம் சொல்லலாம். ஆனால் விமர்சனம் அதைக் குறித்துவைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வகை எழுத்து ஒன்றும் இந்நூலில் உண்டு. 1943 சனவரியில், பாதுகாவலரிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்துகளை உரிமையாளரின் சம்மதமின்றியே விற்க அரசாங்கம் அனுமதித்தது. கிடகாவா தம்பதியரின் வன்கூவர் வீடும் விற்பனைக்குள்ளானது. மியூரியல் டொரன்டோவிலிருந்து பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதினார். பாதுகாக்கவென்று வாங்கியதை விற்பவனுக்குப் பாதுகாவலன் என்று பெயர்! பதில் வந்தது, அலுவலக மொழியில் வந்தது. இந்தக் கடிதங்களில் மியூரியலின் குரல் மீண்டும் மாறுகிறது. மன்றாட்டம் போய்விடுகிறது. பெருஞ்சொற்களும் குறைகின்றன. வீடு எப்படிச் சேமித்து வாங்கப்பட்டது, அதை விற்க உனக்கு யார் அதிகாரம் தந்தது என்று நேருக்கு நேர் கேட்கிறார். எதிரில் இருப்பது சுவராயினும், அந்தச் சுவருக்கு ஒரு விலாசம் இருக்கிறது.

அவர் தனித்து நிற்கவுமில்லை. விக்டோரியாப் பல்கலைக்கழகத்தை மையமாகக்கொண்டு நடந்த 'லான்ட்ஸ்கேப்ஸ் ஒஃப் இன்ஜஸ்டிஸ்' என்ற ஆய்வுத்திட்டம், அக்காலத்தில் இவ்வாறு சொத்துப் பறிகொடுத்தவர்கள் எழுதிய சுமார் 300 ஆட்சேபக் கடிதங்களை அரசாங்கக் கோவைகளிலிருந்து வெளிக்கொணர்ந்தது. கமக்காரரும் கடைக்காரரும் இல்லத்தரசிகளும் எழுதியவை அவை. எவரும் எழுத்தாளர் என்று தம்மை அழைத்துக்கொண்டவரல்லர்.

இந்த இடத்தில் ஜோய் கொகாவாவின் 'ஒபாசான்' நாவலைப் பற்றிப் பேசாமல் முடியாது. 1981 இல் வெளிவந்த இந்நாவல் கனடிய இலக்கியத்தில் பெரும் இடம் பெற்றது. ஒட்டாவாவின் ஆவணக் காப்பகத்திலிருந்த மியூரியலின் தாள்களைக் கொகாவா படித்தார். நாவலில் வரும் எமிலி மாமியின் குரலுக்கு மூலம் அவைதான். ஆனால் கொகாவா ஒரு சிறிய மாற்றம் செய்தார். மியூரியல் எழுதியது டொரன்டோவிலிருந்த தம்பிக்கு. அவை அவர் கையில் சேரும் கடிதங்கள். எமிலி எழுதுவதோ யப்பானுக்குப் போய்த் திரும்ப முடியாமற்போன தன் சகோதரிக்கு. யுத்தம் குறுக்கே நிற்கிறது. கடிதங்கள் போய்ச்சேர வழியில்லை. அந்தச் சகோதரி நாகசாகிக் குண்டின் கொடுமைக்கு ஆளாகிறார். பல்லாண்டுகள் கழித்து 1972 இல் அவருடைய மகள் நயோமி, ஒரு பொதியைப் பிரித்து அவற்றை வாசிக்கிறாள்.

நயோமிக்கு எமிலி மாமியின் தாள்கள் ஆரம்பத்தில் சலிப்பையே தருகின்றன. துண்டுப்பிரசுரம், மனு, மாநாட்டுரை என்று மாமி ஓயாமல் பேசுகிறார். பக்கத்தில் ஒபாசான், பெரிய மாமி, ஒன்றும் பேசாதிருக்கிறார். அபிப்பிராயத்தின் களைப்பும் மௌனத்தின் பாரமும் இரு தோளிலும் ஏற, நயோமி நடுவே நிற்கிறாள். அந்தத் தாள்களுள் தன் தாயை விளித்து எழுதிய கடிதங்களைக் காணும்போதுதான் அவளுக்கு வழி திறக்கிறது. மியூரியலின் எழுத்தில் எது உயிர், எது உமி என்பதை நம் எல்லோருக்கும் முன்னர் கண்டுகொண்ட விமர்சகர் கொகாவாதான் என்பேன். சொந்த மண் பற்றிக் கட்டுரைகள் கேளாத கேள்வியையும் அவர் தொட்டுவிடுகிறார். நாவலின் தொடக்கத்தில் அல்பேட்டாவின் புல்வெளியில் குந்தியிருக்கும் மாமா, நயோமியின் கண்ணுக்குப் பழங்குடித் தலைவர் சிட்டிங் புல்லைப்போலத் தோன்றுகிறார்.

1988 செப்டெம்பர் 22 அன்று கனடிய அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. உயிருடனிருந்த பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் என்று தீர்வாயிற்று. அன்று பாராளுமன்றத்தில் புதிய சனநாயகக் கட்சித் தலைவர் எட் புரோட்பென்ட் 'ஒபாசான்' நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். வாசிக்கையில் அவர் குரல் தழுதழுத்தது. நாவல்தான் நீதியைப் பெற்றுத் தந்தது என்று சொல்ல நான் வரவில்லை. பல்லாண்டுகளாக மண்டபங்களில் கூடிப் பேசி, மனு எழுதி, சண்டையும் சமாதானமுமாய் உழைத்த சாதாரண மக்களின் வெற்றி அது. ஆனால் ஓர் அக்கா தம்பிக்கு எழுதிய சினம், நாற்பத்தாறு வருடங்களின் பின் நாவலின் வழியாக அந்தச் சபைக்குள் நுழைந்தது என்பது உண்மை.

ஆரம்பக் கேள்விக்கு மீள்வோம். மியூரியலின் அபிப்பிராயம் மூன்று வகை எழுத்திலும் ஒன்றே. தம்பிக்கு எழுதும்போது அது இலக்கியமாகிறது. அதிகாரிக்கு எழுதும்போது வழக்காகிறது. அதிலும் ஒரு மிடுக்கு இருக்கிறது. எல்லோருக்குமாக எழுதும்போது சொற்பொழிவாகித் தேய்கிறது. ஆகவே அபிப்பிராயம் கலையைக் கெடுப்பதில்லை, கலையை ஆக்குவதுமில்லை. யாரிடம் சொல்கிறோம், சொல்வதால் நமக்கு என்ன போகும், கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கே எழுத்தைத் தீர்மானிக்கிறது. இன்று அபிப்பிராயம் இல்லாத மனிதரில்லை. விலாசமுள்ள அபிப்பிராயந்தான் அருகிவிட்டது.

வீட்டைவிட்டுப் போகச் சொல்லப்படுவது என்னவென்று நமது வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் நமது தாய்மாரும் சகோதரிகளும் உறவினருக்கு எழுதிய கடிதங்கள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றன? கவிதைத் தொகுதிகளுக்கு முன்னுரை எழுதவும் வெளியீட்டு விழாவில் பேசவும் நம்மிடம் ஆளிருக்கிறது. அந்தப் பெட்டிகளைத் திறக்கவும் சிலர் வேண்டும். மியூரியலின் தாள்கள் ஓர் ஆவணக் காப்பகத்தில் காத்திருந்தன. காகிதத்தைக் கறையானும் காத்திருக்கிறது.