பிள்ளை கையில் வாத்தியம்

வாத்தியம் ஏந்திய ஒரு குழந்தை முதன்முதலாக எழுப்பும் நாதத்தை ஆற அமர இருந்து அனுபவிக்கத் தெரியாத ஒருவர், எத்தனை பெரிய வித்துவான்களின் கச்சேரிகளுக்குப் போய் வந்தவராயினும், ரசிகர் என்ற பெயருக்கு முழுதும் உரியவராகமாட்டார் என்பது என் துணிபு. தேர்ந்த வித்துவானிடத்தில் சுருதியும் லயமும் முயற்சியின் சுவடே தெரியாமல் அடங்கிக் கிடக்கின்றன; பிள்ளையிடத்திலோ அவை ஒவ்வொன்றாகப் பிறப்பதைப் பிரத்தியட்சமாகக் காண்கிறோம். பாடசாலையில் வாத்தியம் பயிலத் தொடங்கிய பிள்ளையின் வீட்டாருக்கு இந்தப் பாக்கியம் நித்தியமும் வாய்க்கிறது. அதை உணர்ந்து ரசிப்பதே அவர்கள் அப்பிள்ளைக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

பேராதனையில் புறப்பட்டுப் பதுளை, பசறை வழியாக வந்து, பிபிலையையும் கடந்து செங்கலடியில் முடிகிற நெடுஞ்சாலையில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையே தேயிலைச் சரிவுகள் சூழ அமைந்த ஊர் லுணுகலை. இப்பகுதித் தோட்டத்துப் பிள்ளைக்குச் சங்கீதம் புதிய விஷயம் என்றும், பாடசாலைதான் அதற்குச் செவியையே திறந்து வைக்கவேண்டும் என்றும் எண்ணுவோர் உண்டு. பெரட்டுக்கு ஆள் அழைக்க அதிகாலையில் தப்பு முழங்கிய காலம் பாட்டன் பூட்டனோடு போயிற்று. ஆயினும் கோயில் திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, இழவு வீட்டுக்கு ஓர் அடி என்று வகை பிரித்துப் பேசும் தப்பின் பாஷை இன்னும் மறைந்துவிடவில்லை. மேல் லயனில் ஒலிக்கும் தப்பைக் கீழ் லயனில் இருந்தபடியே கேட்டு, அது மங்கலமா அமங்கலமா என்று சொல்லிவிடுகிற பிள்ளைக்கு லயஞானம் இல்லை என்று எவ்வாறு கூறுவது? மாசி மாதத்தில் காமன் ஊன்றிய நாள் முதல் தகனம் வரை இராக்காலங்களில் நடைபெறும் காமன் கூத்தில், நெருப்பில் வாட்டி விறைப்பேற்றிய தோலின்மேல் தடித்த குறுங்குச்சியும் மெலிந்த நெடுங்குச்சியும் மாறி மாறி விழ, ரதியும் மன்மதனும் அதற்கிசைய அடி வைத்து ஆடுவதைத் தகப்பன் தோளில் அமர்ந்து கண்ட குழந்தை, தாளத்தின் பெயரை அறியுமுன்னரே தாளத்தை அறிந்துகொள்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களும் இத்தகைய செவிச் செல்வத்தின் ஒரு பகுதியே.

தப்பைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நெடுங்காலம் நம்மிடையே இருந்து வந்ததும், அவ்வெண்ணம் வாத்தியத்தோடு நில்லாமல் அதை வாசித்த கைகளையும் இழிவு செய்ததும் நாம் நாணவேண்டிய சரித்திரம். வயலினோ மிருதங்கமோ பயிலவரும் பிள்ளை தப்பை மறக்கவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. அந்தப் பழைய அறிவைச் சுட்டிக்காட்டி, அதன்மேல் புதிய பாடத்தைக் கட்டுகிற ஆசிரியரே நல்லாசிரியர்.

ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளை சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்னும் அழகியற் பாடங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்கிறது. சங்கீதத்தைத் தெரிவுசெய்த பிள்ளை எந்த வாத்தியத்தைத் தொடுவது என்பதைப் பெற்றோரின் நிறைவேறாத ஆசை தீர்மானிக்கலாகாது. இருக்கிற வாத்தியங்களையெல்லாம் சில நாள் தொட்டுப் பார்க்கவிட்டு, கை எதை நாடுகிறது, காது எதன்பால் சாய்கிறது என்று கவனிப்பதே உசிதம். வயலின் என்றால் அளவும் முக்கியம். அரை, முக்கால் என்று சிறுவருக்கேற்ற அளவுகள் இருக்க, முழு வயலினைக் கொடுத்தால், எட்டாத விரலை நீட்டி நீட்டி வலி கண்ட பிள்ளை, குறை தன்னுடையது என்று நம்பிவிடும்.

முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதரின் வாயிலாகச் சுமார் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நமது சங்கீதத்துக்கு வந்து சேர்ந்த வயலின், மேல்நாட்டு உருவம் மாறாமலே நம்முடையதாகிவிட்ட அற்புதத்தை முதற் பாடத்திலேயே காணலாம். பிள்ளை சம்மணமிட்டு அமர்ந்து, வாத்தியத்தின் தலையை வலது பாதத்தின்மேல் சார்த்தி, மறுமுனையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறது. விரல் வைக்காத தந்தியில் முழு வில்லையும் ஒரே சீராக இழுக்கிறது. வில் குதிரையின் பக்கம் சாய்ந்தால் நாதம் கரகரக்கும்; விரற்பலகையின் பக்கம் போனால் மெலியும்; நடுவே நேராகச் செல்லும் அந்த ஒரு கணத்தில் ஷட்ஜம் நிறைந்து நிற்கும்.

அதன்பின் வருவது மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. இந்தப் பாடமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது சம்பிரதாயம். தந்திகள் ஷட்ஜம், பஞ்சமம் என்று மாறி மாறிச் சுருதி கூட்டப்பட்டிருப்பதால், ஷட்ஜத் தந்தியில் ரிஷபம், காந்தாரம், மத்திமத்துக்கு மூன்று விரல்களும் எங்கெங்கு விழுகின்றனவோ, பஞ்சமத் தந்தியில் தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜத்துக்கும் அங்கங்கேதான் விழுகின்றன. முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே அகன்ற இடைவெளி; இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியே நிற்கும். பாதி ஸ்தாயியைக் கற்ற பிள்ளை மீதிப் பாதியையும் கற்றுவிட்டது! விரலிடத்தைக் காட்ட வீணையில் உள்ளதுபோல மெட்டுகள் இல்லாத பலகையில், செவி ஒன்றையே துணையாகக் கொண்டு அந்த இடங்களைக் கண்டுபிடித்து, தவறிய விரலைத் தானே மயிரிழை நகர்த்திச் சரிசெய்துகொள்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். சங்கீத ஞானம் பிறப்பது அந்த நகர்வில்தான்.

மிருதங்கத்தைத் தெரிவுசெய்த பிள்ளைக்கு ‘த தி தொம் நம்’ என்பதே ஆரம்பம். மோதிர விரல் கருஞ்சோற்றின் ஓரத்தை மெல்லத் தொட்டிருக்க, சுட்டுவிரல் விளிம்பில் விழுந்து உடனே எழும்போது ‘நம்’ மணியாக ஒலிக்கிறது. தொட்ட விரல் சற்று அழுந்தினாலும் அந்த ஒலி செத்துவிடுகிறது. பலத்தினால் அன்று, இதத்தினால் வரும் நாதம் இது. வருஷக் கடைசி மாதங்களின் மழையில் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதும், ஆடி ஆவணியின் வறண்ட காற்றில் வயலினின் பிருடை பிடி விட்டுச் சுழல்வதும் ஊவாவின் இயல்பு. ஆதலால் வாத்தியத்தை ஈரச் சுவரிலும் அடுப்பங்கரையிலும் வைக்காமல் உறையிட்டுக் காப்பதும், வாசிக்குமுன் சுருதி சேர்ப்பதும் பாடத்தின் அங்கமேயாகும்.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. சனிக்கிழமை முழுதும் வருத்தி வாசிக்கவைப்பதைவிட நாள்தோறும் கால்மணி நேரச் சாதகம் மேலானது. கைபேசியிலேயே தம்பூரா நாதம் கிடைக்கிற இக்காலத்தில் சுருதியில்லாமல் வாசிக்கவிடுவதற்கு நியாயமில்லை. சினிமாப் பாட்டு தானாகவே வந்து சேரும், அதற்கு அவசரப்படவேண்டியதில்லை. 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் படிப்படியாக ஏறுவதற்கு நல்ல ஒழுங்கைத் தருகின்றன. எனினும் சான்றிதழ் சங்கீதத்தின் நிழலேயன்றிச் சங்கீதம் ஆகாது. ஒரே சுவரால் பிரிக்கப்பட்ட லயன் காம்பராக்களில் ஒரு வீட்டின் ஓசை அடுத்த வீட்டுக்கும் உரியதாகையால், கீச்சொலியை ஏளனம் செய்யும் ஒரு சொல் போதும், பிள்ளை வில்லைக் கீழே வைத்துவிடும். கொழுந்து நிறுத்துக் களைத்து வந்த தாய், “எங்க, இன்னைக்கு டீச்சர் சொல்லிக் குடுத்தத ஒருக்கா வாசி, கேப்போம்” என்று அருகில் அமர்ந்துவிட்டாலோ, அந்த வீடே ஒரு சபையாகிவிடுகிறது.

லுணுகலையிலிருந்து பிபிலை வழியாக இறங்கும் அதே சாலையில் செங்கலடி சேர்ந்து மட்டக்களப்புக்குத் திரும்பினால், பழந்தமிழர் யாழை ஆராய்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட விபுலாநந்த அடிகளின் பெயரால் 1982 இல் எழுந்த இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாக விளங்கக் காணலாம். மலையகப் பிள்ளைக்கு அங்கே செல்லும் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த வழி தொடங்குமிடம் பாடசாலையின் அலுமாரி. ஆண்டு முழுதும் பூட்டிக் கிடந்து, வாணி விழாவன்று மட்டும் சந்தனப் பொட்டு இட்டுக்கொள்ளும் வாத்தியத்தால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை. அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரும் மனம் வைத்து, தவணைதோறும் அவ்வாத்தியங்களைப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பவேண்டும். விஜயதசமியன்று தொடங்கிய பாடம் அடுத்த வாணி விழாவில் மேடையேறும்போது, தோட்டத்துத் தப்புக் கலைஞரை அழைத்து முன்வரிசையில் அமர்த்தவேண்டும். தாளம் தவறாமல் ஒரு தலைமுறையையே ஆட்டுவித்த அந்த மூத்தவர் தலையசைத்தால், அதைவிடப் பெரிய சான்றிதழ் அப்பிள்ளைக்கு வேறில்லை.