வேதத்தில் எந்தப் பக்கம்?

பாகாலா சந்திப்பிலிருந்து ரயில் பாதை மூன்று பக்கமாகப் பிரிகிறது. ஒன்று திருப்பதிக்கு, ஒன்று சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு, மூன்றாவது மதனப்பள்ளிப் பக்கமாகத் தருமாவரத்துக்கு. இந்த வழியில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்கள். ஆனால் இதே பாதைகளை ஒட்டிய ஊர்களில்தான், 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை பெரும்பகுதி வடஆற்காடு என்று அறியப்பட்ட நிலத்தில், வேதத்தின்படி வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு நூற்றெழுபது ஆண்டுகளாக விதவிதமான பதில்கள் முயன்று பார்க்கப்பட்டன. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி என்பதால், இங்கே நடந்ததைத் தமிழ்நாட்டில் நடந்ததிலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடியாது.

வேதத்தின்படி நடக்கிறோம் என்று சொல்லாத சபை எதுவும் இல்லை. ஆனால் புராட்டஸ்டன்டு வேதாகமம் என்பது 66 நூல்களின் தொகுப்பு. அதில் எந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதில்தான் சபைக்குச் சபை வேறுபாடு. எந்தப் பக்கத்தைப் புரட்டாமலே விட்டார்கள் என்பது அதைவிடச் சுவாரசியமான விஷயம்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியம் செய்து, பிறகு சென்னைக்கு வந்த ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853-இல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். வேலூர், சித்தூர், பலமனேர், மதனப்பள்ளி என்று அது பரவியது. அவர்கள் விரித்து வைத்த பக்கம் நோயாளிகளைச் சொஸ்தமாக்குங்கள் என்று இயேசு சீடர்களை அனுப்பிய பக்கம். பேத்தி ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். மதனப்பள்ளிக்கு அருகே பல மிஷன்கள் சேர்ந்து காசநோய்க்கென்று எழுப்பிய ஆரோக்கியவரத்துக்கு டென்மார்க்கு மருத்துவர் ஃபிரிமோட்-மொல்லர் பொறுப்பேற்றார். இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்டது 1948 ஆகஸ்டில், இதே மதனப்பள்ளியில். இந்தப் பக்கத்தை வாசித்தவர்கள் மீது எனக்குக் குறை அதிகம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வளர்ந்த வேகத்தில் கிராமத்துச் சபை வளரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கிராமத்துச் சபையில் வேறு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. குடுமி வைத்தவன் கிறிஸ்தவனா? சில மிஷனரிகள் அதை வெட்டியே தீர வேண்டும் என்றார்கள். இன்னொரு மிஷனரியான கால்டுவெல் 1867-இல் குடுமிக்காக ஒரு தனிப் பிரசுரமே எழுதி வாதாடினார். தலைமயிருக்கு இவ்வளவு மை செலவழிந்தது இன்று வேடிக்கையாகத் தெரியலாம். பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்வியில் வேடிக்கை எதுவும் இல்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதியை உடனே, முழுதாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். பக்திப் பாடல்களால் இன்றும் நினைக்கப்படும் வேதநாயக சாஸ்திரியார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சாதி ஒழுங்கை ஆதரித்து எழுதியவர். வெளியேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு, சாதி விஷயத்தில் மெத்தென்று நடந்த லைப்சிக் மிஷன் பின்னாளில் இடம் கொடுத்தது. மதுரை அமெரிக்க மிஷன் 1847-இல் நேரடியான சோதனை ஒன்று வைத்தது. உபதேசியார்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அன்பின் விருந்து சாப்பிட வேண்டும். பலர் சாப்பிட மறுத்து வேலையை விட்டார்கள்.

இவர்கள் யாரும் வேதம் வாசிக்காதவர்கள் இல்லை. பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தரையும் காட்டுவதைக் கண்டிக்கும் யாக்கோபு நிருபம் தமிழில் அச்சாகி அப்போதே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

வேறொரு திசையில் போனவர் அருமைநாயகம் சட்டம்பிள்ளை. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்துப் பக்கம் மிஷனரிகளோடு மோதி, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, 1857-இல் முக்குப்பேரியில் தனிச் சபை கண்டார். ஓய்வுநாள் சனிக்கிழமை, தூபம், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள். வெள்ளைக்காரன் வேதத்தில் பாதியைத்தான் கடைப்பிடிக்கிறான், நாங்கள் முழுவதையும் கடைப்பிடிக்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். தர்க்கமாகப் பார்த்தால் அதை மடக்குவது கடினம். நாடார்களைக் குறித்து 1849-இல் கால்டுவெல் எழுதிய நூல் கிளப்பிய கோபமும் அதில் கலந்திருந்தது. லேவியராகமம் அங்கே சுயமரியாதையின் மொழியாக வேலை செய்தது.

தெலுங்குப் பக்கம் தாதுப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை, இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்தது: வயிற்றுக்காக வந்தவனா, வேதத்துக்காக வந்தவனா? ஓங்கோலில் பாப்டிஸ்டு மிஷனரி ஜான் கிளௌ பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்து, பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். நிவாரணம் முடியும்வரை ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் தலித்துகளான மாதிகர். அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏளனம் இன்றும் கேட்கிறது. பஞ்சத்தில் கூலியோடு மரியாதையும் கொடுத்தவனை நம்பினார்கள் என்பதில் ஏளனத்துக்கு என்ன இருக்கிறது?

மலைப் பிரசங்கத்தை விரித்தவர்கள் எண்ணிக்கையில் சொற்பம். டாக்டர் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து செல்வக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் ஃபாரெஸ்டர் பேட்டனும் 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றது. கதர், மணம் புரியாத வாழ்க்கை, திராவிடக் கோயில் சாயலில் ஜெபாலயம். 1932-இல் சென்னையில் மறியலின்போது போலீஸ் தடி சின்னண்ணன் மீதும் விழுந்தது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியவாதி ஜே. சி. குமரப்பா சிறையில் இருந்தபடி இயேசுவின் போதனையைப் பொருளாதாரமாக வாசித்தார், அந்த நூல் 1945-இல் வந்தது. மதிக்கத்தக்க வாழ்க்கைகள்தான். ஆனால் பிள்ளைகுட்டிக்காரன் பின்பற்றக்கூடிய வழியாக ஆசிரமம் ஒருபோதும் ஆகவில்லை.

ஆந்திரத்தில் பிள்ளைகுட்டிக்காரர்களை ஆயிரக்கணக்கில் திரட்டியவர் பஞ்சாபிலிருந்து வந்த பக்த் சிங். சீக்கியராகப் பிறந்தவர், கனடாவில் மனம் திரும்பியவர். 1941-இல் பல்லாவரத்து மலையில் இரவு முழுக்க ஜெபித்த பிறகு, சென்னையில் யெகோவா ஷம்மா என்ற சபையை ஏற்படுத்தினார். பின்னர் ஐதராபாத்தில் ஹெப்ரோன். அவர் விரித்த பக்கம் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம்: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். மிஷன் சம்பளம் கிடையாது. பெஞ்சு கிடையாது, எல்லாருக்கும் பாய். நாள்கணக்கில் நடக்கும் கூட்டங்களில் பந்தலுக்குப் பின்னால் பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது, பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்க இடம் இருக்கவில்லை. மதுரை மிஷன் 1847-இல் உத்தரவு போட்டுச் செய்ய முடியாததை இந்தப் பந்தி சத்தமில்லாமல் செய்தது என்பது என் கணிப்பு. அதுவும் கூட்டம் நடக்கும் நாட்களுக்குத்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால் பந்தலில் இல்லாத சாதி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

கத்தோலிக்கர்களிடமும் கதை இதுவே. திருச்சியில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் நிற்கிறது. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு.

பாகாலா போன்ற ஊரில் இதோடு அரசாங்கச் சான்றிதழும் சேர்ந்துகொள்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. மதம் மாறிய பட்டியல் சாதியினருக்கு ஆந்திரம் தருவது பி.சி.-சி என்ற பிரிவில் ஒரு சதவீதம். ஆகவே ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறவரின் பிள்ளை சான்றிதழில் இந்துவாக இருப்பது சகஜம். மதம் மாறியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. மறைத்து வாழ்வது பொய் என்று பிரசங்க பீடத்திலிருந்து கண்டிப்பது சுலபம். பிள்ளையின் படிப்பை இழக்கப்போவது பீடத்தில் நிற்பவர் அல்லவே. ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை வணங்குவோரைப் பற்றி ஹெர்பர்ட் ஹோஃபர் தமிழகத்தில் செய்த ஆய்வு 1991-இல் நூலாக வந்தது. வேதத்தின்படி வாழ்வதை ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதற்கு அது போதிய சான்று.

இந்தச் சபைகளைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் மிஷன் அறிக்கைகளையோ பெரிய ஊழியர்களின் வரலாறுகளையோ நம்பியவை. தலித் இறையியல் 1980-களில் வந்து கேள்வியை மாற்றியது, ஆனால் அதுவும் இறையியல் கல்லூரிகளிலேயே நின்றுவிட்டது, சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு இறங்கவில்லை. யார் வீட்டில் யார் பெண் எடுத்தார்கள், சபை விருந்துக்குச் சமைத்தவர் யார், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று கேட்டு எழுத வேண்டும். பழைய சபைகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு வைக்கும் வழக்கம் உண்டு. மூன்றையும் ஒரே குடும்பத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஆய்வாளர் அந்தக் குடும்பங்களின் வீட்டில் சாப்பிட வேண்டியிருக்கும்.