நிலாவின் நாற்காலி

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021-ல். அந்த ஆண்டும் கடந்துபோன பிறகுதான் நான் அதை முழுசாக வாசித்தேன். நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசத் தகுந்த நாய்தான். புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும். எனக்கு மனதில் நின்றதோ நிலாவுக்கு வருகிற அனுமதி. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு சம்மதிக்கிறது, அவள் மகிழ்ந்துபோகிறாள். எதிர்காலச் சர்வாதிகாரத்தின் அடையாளமாக சுஜாதா இதை வைக்கிறார். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களைப் பார்த்த நம் அம்மாக்களிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினால், இதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

அதற்குப் பிறகு நிலா என்ன செய்கிறாள்? அழுகிறாள், பயப்படுகிறாள், நாய் விளக்குவதைக் கேட்டுக்கொள்கிறாள். திட்டம் போடுவது ரவியும் மனோவும். கடைசியில் அவளையே அரசியாக்குகிறார்கள். கயிறு மட்டும் அவர்கள் கையில். சுஜாதா சொன்ன எதிர்காலங்களில் எது பலித்தது என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. இன்றும் பல ஊர்களில் 'தலைவர் வர்றார்' என்றால் வண்டியிலிருந்து இறங்குவது தலைவியின் வீட்டுக்காரர். நிலாவின் நாற்காலி அப்படியே இருக்கிறது, நாய்தான் இன்னும் வரவில்லை.

உர்சுலா லெ குவின் 1969-ல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் நிலையான ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. யாரும் கருத்தரிக்கலாம், ராஜாகூட. பனி, பயணம், இரண்டு பேரின் நட்பு என்று அருமையாகப் போகிற புத்தகம். ஆனால் எல்லோரையும் ஆங்கிலத்தில் 'அவன்' என்றே எழுதிவிட்டார். முதலில் அதை நியாயப்படுத்தியவர், பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். தமிழில் 'அவர்' இருக்கிறதே என்று பெருமைப்படத் தோன்றியது. கொஞ்ச நேரம்தான். 'டாக்டர் வந்தார்' என்ற வரியைப் படித்ததும் உங்கள் மனதில் யார் வந்தார்? நம் கதைகளில் கணவன் 'அவர்', மனைவி 'அவள்'. சொல் இருந்தும் அதை நாம் எல்லோருக்கும் கொடுக்கவில்லை.

மூன்றாவது நாவல் அல்ல, சின்னக் கதை. ரொக்கையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு'. கல்கத்தாவில் அல்ல, நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் 1905-ல் வெளிவந்தது. அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆய்வுக்கூடத்தில். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நீர் எடுக்கிறது, இன்னொன்று வெயிலைச் சேமிக்கிறது. அடுப்படியில் புகை இல்லை. நிலாவுக்கு முன்னால் பிறந்தவர்கள் இவர்கள். நிலாவைவிட எவ்வளவோ தூரம் போயிருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழ்கிற எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் இதை வாசிக்கும்போது நெடுவாசல் நினைவுக்கு வராமல் இருக்காது. 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக அங்கே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்களை, அறிவியலுக்கு எதிரானவர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. மண்ணைக் குடையாத அறிவியலும் உண்டு என்று ரொக்கையா அதற்கு 112 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார்.

எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகிற அத்தை ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஆண்கள் அடைபட்டுக் கிடக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அந்த ஊர்ல களை யாரு எடுக்குறா?" என்றார். வயலை மின்சாரத்தால் உழுகிறார்கள் என்று கதையில் இருக்கிறது. களையெடுப்பு இல்லை. அரசி வருகிறார், கல்லூரித் தலைவி வருகிறார், மாணவிகள் 2,000 பேர் போருக்கே போகிறார்கள். வயலில் இறங்கும் கூலிக்காரி ஒருத்தியையும் நான் அதில் பார்க்கவில்லை.