தொடக்கநிலைப் பாத்திரங்களும் தெய்வச் சோதனையும்: பாகமேற்று விளையாட்டு குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரிடையே 'சோதனை' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. பள்ளி மாணவர் எழுதும் தேர்வும் சோதனையே. இறைவன் அடியாரை ஆட்படுத்தும் இடரும் சோதனையே. முன்னதில் தேர்பவரின் தரம் எண்ணால் அளக்கப்படுகிறது. பின்னதில் அளவுகோல் எது என்பது எளிதில் விடை கூற இயலாத வினா. பாகமேற்று விளையாட்டுகளில் புதிதாகப் படைக்கப்படும் பாத்திரங்களுக்குத் தெய்வச் சோதனையை எங்ஙனம் அமைப்பது என்பதை ஆராயப் புகும்போது இவ்வினாவையே நாம் முதலில் எதிர்கொள்கிறோம். இத்தகைய விளையாட்டுகள் வழிவழியாகப் பின்பற்றிவரும் அளவுகோல் நம் புராண மரபின் அளவுகோலோடு பொருந்துவதன்று என்பதையும், தொடக்கநிலையினர்க்குப் புராண மரபே ஏற்ற வழி காட்டுகிறது என்பதையும், அம்மரபு விடை தராத இடங்களும் உள என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முனைகிறது. எடுத்துக்காட்டுக்குரிய களமாக வடசிலாங்கூரின் சுங்கை பெசார் வட்டாரம் கொள்ளப்படுகிறது.

வலிமையை அளக்கும் மரபு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. விளையாடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் ஒருவர் கதைக்களத்தையும் ஏனைய மாந்தரையும் தம் பொறுப்பில் கொள்வார். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவு செய்யும். பாத்திரம் முதற்படியில் தொடங்கி, பட்டறிவுப் புள்ளிகள் சேரச் சேரப் படிப்படியாக உயரும். முதற்படியினரின் உயிர்ப்புள்ளிகள் மிகச் சில. ஒரே வாள்வீச்சில் மடியக்கூடியவர் அவர்.

இவ்விளையாட்டிற்காக 1980இல் வெளிவந்த தெய்வங்களின் கையேட்டில் இந்தியத் தெய்வங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதில் தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளிகள் எண்ணால் குறிக்கப்பட்டன. எண் உள்ள எதையும் குறைக்கலாம். குறைக்கத்தக்க எதையும் கொல்லலாம். இவ்வகையில் தெய்வம் மிகப் பெரியதோர் எதிரியாகிவிடுகிறது. இந்நோக்கின்படி தொடக்கநிலையினர்க்குச் சோதனை அமைப்பவர் செய்யக்கூடியது ஒன்றே: சோதனையைச் சுருக்குவது. பெரிய பூதத்திற்கு மாற்றாகச் சிறிய பூதம், ஆழமான குகைக்கு மாற்றாக ஆழமற்ற குகை என அது அமையும். அளவு மாறுமேயன்றிச் சோதனையின் தன்மை மாறாது. இறுதியில் அங்கே சோதிக்கப்படுவது பாத்திரத்தின் தோள்வலியும் பகடையின் போக்குமேயாம்.

நோன்பை நாடும் மரபு

சேக்கிழாரின் பெரியபுராணம் இதற்கு நேர்மாறான அமைப்பைக் கொண்டது. திண்ணனார் வரலாறு ஈண்டு முதலில் நோக்கத்தக்கது. பதினாறு வயதில், தந்தை நாகனிடமிருந்து தலைமை ஏற்று, தம் முதல் வேட்டைக்குப் புறப்பட்டவர் அவர். வழிபாட்டு முறை எதையும் கற்றவரல்லர். விளையாட்டின் மொழியிற் கூறின், முற்றிலும் முதற்படியில் நிற்கும் பாத்திரம். ஆயினும் அவருக்கு வந்த சோதனை சிறியதன்று. தம் கண்ணையே இடந்து அப்பச் செய்தது. சோதனையின் அளவு குறைக்கப்படவில்லை. திண்ணனாரிடம் முன்பே இருந்த ஒன்றை, அதாவது காளத்தி இறைவர்க்கு ஊறு நேரக்கூடாதே என்னும் பதைப்பை மட்டுமே அது தொட்டது. கற்றறியாத ஒன்றை அது அவரிடம் கேட்கவேயில்லை.

திருநீலகண்டர் வரலாற்றில் இந்நுட்பம் மேலும் தெளிவாகப் புலனாகிறது. தில்லைக் குயவரான அவரும் அவர்தம் மனைவியாரும் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு ஒருவரையொருவர் தீண்டாது முதுமை எய்தியவர்கள். யோகியாக வந்த இறைவன் ஓர் ஓட்டைப் பாதுகாத்து வைக்குமாறு கொடுத்து, பின்னர் அதனை மறைத்து, மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யுமாறு வற்புறுத்துகிறார். ஓடு காணாமற்போனது வெளிப்புறக் கதை. ஊரறியாத ஆணை ஊரார் முன் வெளிப்பட வேண்டும் என்பதே சோதனையின் உட்பொருள். வேறெவரிடமும் இதே சோதனையை வைத்தால் அது பொருளற்றுப் போகும். அவருக்கென்றே அளந்து தைக்கப்பட்ட சட்டை அது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முதல் விதி: தெய்வச் சோதனை பாத்திரத்தின் படிநிலையை நோக்கி அமைக்கப்படுவதன்று, பாத்திரம் ஏற்றுள்ள நோன்பை நோக்கி அமைக்கப்படுவது. தொடக்கநிலைப் பாத்திரத்திற்கு வலிமை இல்லாதிருக்கலாம். ஆனால் சொல் ஒன்று இருக்க இயலும். ஆகவே விளையாட்டு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் நோன்பை ஒரே வரியில் எழுதித் தருதல் வேண்டும். அது இல்லையேல் நடத்துநர் கையில் பூதமும் குகையுமே எஞ்சும்.

தோட்டத்துத் தீக்குழி

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தென்னமரத்தில் தொடங்கப்பட்டது. அது கோல சிலாங்கூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அப்பகுதித் தோட்டங்களில் பால்மரமும் செம்பனையும் நம்மவர் உழைப்பில் வளர்ந்தன. லயங்களுக்கு அருகே மாரியம்மன் கோயிலும், எல்லையில் முனியாண்டியும் அமைந்த தோட்ட வாழ்வில் ஆண்டுத் திருவிழாவும் தீமிதியும் பலரும் அறிந்தவை. தீமிதி நேர்த்திக்கடனாகும், மனிதர் தெய்வத்திற்குக் கொடுத்த சொல் அது. சோதனையோ தெய்வம் மனிதரிடம் வைப்பது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினும் தீமிதி நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது.

முதன்முறையாகத் தீ மிதிப்பவருக்கெனத் தனியே சிறிய குழி வெட்டப்படுவதில்லை. பழகியவர் கடக்கும் அதே குழியையே அவரும் கடக்கிறார். அவருக்கென உள்ளவை வேறு: மஞ்சட்காப்பு, விரத நாள்கள், முன்னே செல்லும் கரகம், முடிவில் காத்திருக்கும் பாற்குழி, சுற்றி நிற்கும் ஊர். இதுவே நாம் பெறும் இரண்டாம் விதி: சோதனையைச் சுருக்குவதற்கு மாற்றாக அதற்குரிய முன்னேற்பாட்டைப் பெருக்குதல் வேண்டும். விளையாட்டிலும் சோதனை திடீரென வந்து விழலாகாது. முன்னறிகுறியும், தயங்கிப் பின்வாங்க வாய்ப்பும், துணைநிற்போரும் அதற்கு முன்பே அமைதல் நன்று.

ஓர் அமைப்பு

இவ்விதிகளைச் சுங்கை பெசார் களத்தில் பொருத்திப் பார்ப்போம். செகிஞ்சானும் சுங்கை பெசாரும் நெல்வயல்கள் சூழ்ந்தவை. நிலத்தின் பிற பகுதிகளில் தென்னையும் செம்பனையும் காணலாம். இளையான்குடி மாறனார் வரலாறு இம்மண்ணிற்கு இயல்பாகப் பொருந்துவது. மழைக்கால நள்ளிரவில் விருந்தினராக வந்தவருக்கு அமுதளிக்க, அன்று விதைத்த நெல்முளையை இருளில் வாரிவந்து, வீட்டுக் கூரையின் கொம்புகளை அறுத்து அடுப்பெரித்தவர் அவர். விதைநெல் என்பது ஓர் உழவர் குடும்பத்திற்கு எத்தன்மையது என்பதை இவ்வட்டார மாணவருக்கு விளக்க வேண்டுவதில்லை.

மூன்று தொடக்கநிலைப் பாத்திரங்களைக் கற்பனை செய்வோம். பால்மரம் வெட்டுபவரின் மகள் ஒருத்தி. பசித்து வந்தவரைத் திருப்பி அனுப்பேன் என்பது அவள் நோன்பு. களஞ்சியக் காவலன் ஒருவன். பிறர் பொருளில் ஒரு மணியும் தொடேன் என்பது அவன் நோன்பு. கண்டதைக் கண்டவாறே உரைப்பேன் என்னும் நோன்புடைய இளம் பூசாரி மூன்றாமவன். மழையால் பாதை துண்டிக்கப்பட்ட இரவில் முதியவர் ஒருவர் கதவைத் தட்டுகிறார். அவர் உண்டு மூன்று நாளாயிற்று. களஞ்சியத்தில் இருப்பது ஊராரின் விதைநெல் மட்டுமே.

இங்கே வாளுக்கு வேலையில்லை. பகடைக்கும் மிகுதியான வேலையில்லை. மாறனார் வாரியது தம் சொந்த விதை. இம்மூவரின் முன் இருப்பதோ ஊரின் விதை. இருவர் நோன்பு ஒன்றோடொன்று மோத, மூன்றாமவன் நாளை ஊரார்முன் அதற்குச் சான்றுரைக்க வேண்டியவனாகிறான். சான்றாவோர் ஒருவரை அமைப்பது புராண வழியே. முற்றும் உணர்ந்த இறைவன் எதற்காகச் சோதிக்க வேண்டும் என்னும் பழைய வினாவிற்குத் திண்ணனார் வரலாறு மறைந்து நின்ற சிவகோசரியாரைக் காட்டி விடை தருகிறது. தான் அறிவதற்காக அன்று, பிறர் அறிவதற்காகவே இறைவன் சோதிக்கிறான்.

மேலும், முதியவர் யார் என்பதை நடத்துநர் இறுதிவரை கூற வேண்டியதில்லை. தெய்வம் மாறுவேடத்தில் வருவது நம் மரபு. பல சமயத்துப் பிள்ளைகள் ஒருங்கே பயிலும் வகுப்பில் ஆசிரியர் தெய்வத்தின் வாயாகப் பேசும் இக்கட்டினின்றும் இம்மரபு அவரை விடுவிக்கிறது.

தோல்வி என்னும் இடைவெளி

ஈண்டு நம் மரபையும் திறனாய்தல் கடமையாகிறது. பெரியபுராணத்தில் இறைவன் வைத்த சோதனைகளில் அடியார் தோற்பதில்லை. வென்றபின் அவர்க்கு வாய்ப்பது சிவபதம். கதை அங்கேயே நிறைவுறும். விளையாட்டிலோ தோல்வி இயல்பாக நிகழ்வது. கதை தொடர்ந்தும் ஆக வேண்டும். அன்றியும் சிறுத்தொண்டர், இயற்பகையார் ஆகியோர்க்கு வந்த சோதனைகள் பிள்ளையையும் மனைவியையும் விலையாகக் கேட்டவை. பக்தியின் முடிந்த நிலையைக் காட்ட எழுந்த அவ்வரலாறுகளை இளையோர் விளையாட்டுக்கு அச்சாகக் கொள்ளல் தகாது. பாத்திரம் தன் உடைமையைப் பணயம் வைக்கலாம். பிறிதோர் உயிரைப் பணயம் வைக்கலாகாது என்னும் வரம்பு இன்றியமையாதது.

தோல்விக்குரிய வழியை வியாச பாரதத்தின் வனபருவம் காட்டுகிறது. பொய்கைக் கரையில் யட்சனின் குரலைப் பொருட்படுத்தாது நீர் அருந்திய நான்கு தம்பியரும் மாண்டு வீழ்கின்றனர். தருமன் வினாக்களுக்கு விடையிறுத்து, ஒருவனையே எழுப்பலாம் எனும்போது மாத்ரியின் மகனான நகுலனைத் தேர்கிறான். அதன்பின் நால்வரும் எழுகின்றனர். குழுவினருள் பெரும்பாலோர் தோற்றும் சோதனை முறிவதில்லை. பெற்ற வரமும் புதிய படைவலிமையன்று. பதின்மூன்றாம் ஆண்டில் எவரும் தம்மை அறியாதிருக்கும் மறைவே அது. அடுத்த கடமையைச் சுமக்க உதவும் வரம் எனலாம்.

நம் எடுத்துக்காட்டிலும் அவ்வாறே கொள்ளலாம். நெல்லை அளித்தால் முதியவர் பசியாறுவார். ஆயின் விதைப்புக் காலத்தில் ஊருக்கு விடை கூறும் பொறுப்பு மூவரையும் சாரும். மறுத்தால் சாபமில்லை, விடியலில் ஈரமண்ணில் அவர்தம் காலடிகள் முனியாண்டி மேடை வரை சென்று மறைந்திருக்கும். இவ்விரண்டும் கதையை முன்னகர்த்துவனவே. முன்னதில் ஒரு கடன் தொடங்குகிறது. பின்னதில் ஒரு தேடல் தொடங்குகிறது.

முடிவுரை

பாகமேற்று நடித்தல் நம் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. வகுப்பறையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் உத்தி அது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னரும், சோதனை என்றால் புள்ளி என்னும் மனப்பாங்கு பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் எளிதில் மாறிவிடாது. கணினி விளையாட்டுகளும் படிநிலை, புள்ளி, பரிசு என்னும் அதே அளவுகோலையே அவர்களுக்குப் பெரிதும் பழக்குகின்றன. நம் புராணங்கள் போற்றும் அளவுகோல் வேறு. எளியவரிடமும் ஒரு சொல் உண்டு. அச்சொல்லைக் காப்பதற்கு அவர் எதை இழக்க ஒருப்படுகிறார் என்பதே அங்கு அளக்கப்படுகிறது. மாணவர் தொகை குறைந்த பள்ளியில்கூட நான்கைந்து பிள்ளைகளைக் கொண்டு இவ்விளையாட்டை நடத்த இயலும். இளையான்குடி மாறனாரைப் பாடநூற் செய்தியாக மட்டும் அறிந்த பிள்ளை, விதைநெல்லைக் கையில் ஏந்தி முடிவெடுக்கத் தயங்கும் கணத்தில் அவரை வேறு வகையில் அறியும். இலக்கியக் கல்வி நாடுவதும் அவ்வறிவையே.