தைத்த பலகை, பொருத்திய பலகை: பழைய பாய்க்கலத்தைப் புதுக்கும் மரபுகள்

மும்பைக் கோட்டைப் பகுதியின் கப்பல்துறையில் 1817 அக்டோபர் 12 அன்று ஒரு போர்க்கப்பல் நீரில் இறங்கியது. மலபார்த் தேக்கில் அதைக் கட்டியவர் பார்சி ஆசான் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. கப்பலுக்கு வைத்த பெயர் திருகோணமலை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான கப்பல் வேறு இருக்க முடியாது. இன்றும் அது இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது.

அதன் வரைபடத்தை முதலில் ஏற்றிவந்த 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' அழித்தது. மறுபடி ஒரு படி வரவேண்டியதாயிற்று. அழித்த கப்பலும் பாஸ்டனில் இன்னும் மிதக்கிறது என்பது வியப்பு. ஆனால் பலமுறை புதுக்கப்பட்ட அதில் முதல் மரம் மிகச் சிறு பங்கே மிச்சம். 1990 முதல் 2001 வரை ஹார்ட்லிபூலில் புதுக்கப்பட்ட திருகோணமலையின் உடலிலோ பாதிக்கும் மேல் பழைய மரமே. உருவத்தைக் காப்பதா, மரத்தைக் காப்பதா? பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிக் கரையேற்றும் எவரும் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி இதுதான்.

பதில் அந்தப் படகைக் கட்டிய மரபைப் பொறுத்தது. தேக்கின் எண்ணெய் தன்னுள் இறங்கிய இரும்பாணியைக் காக்கும். ஓக் மரத்தின் அமிலம் அதை அரிக்கும். வாடியாக்கள் இதனோடு பொருத்தும் முறையையும் சேர்த்தார்கள். பலகை விளிம்புகளைப் பாதி பாதியாகச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்றை உட்காரவைத்து, இடையில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து இறுக்கினார்கள். இப்படிப் பொருத்திய பலகை ஒன்றைக் கழற்றினால் அதே செதுக்கோடுதான் புதியதைப் போடவேண்டும். நேர் விளிம்பு வெட்டி மெழுகி மூடுவது வேலையே அல்ல.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு நேர் எதிர்த் திசையில் வந்தது. வங்கு எனும் விலாச்சட்டம் இல்லை, ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை மோதும்போது உடல் நெளிந்து கொடுக்கும். கயிறு நைந்தால் தையலைப் பிரித்து, பலகையைத் திருத்தி, மீண்டும் தைப்பார்கள். பழுதுபார்ப்பதற்கென்றே கட்டிய படகு என்று இதைச் சொல்லலாம். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த 'கவுண்டின்யா' என்ற பாய்க்கப்பல் அந்தத் தையலை மீண்டும் ஆழ்கடலுக்குக் கொண்டுவந்தது. எனக்கு அது பெருமகிழ்ச்சி.

தூத்துக்குடித் தோணியும், இங்கே ராயல் பாம்பே யாட் கிளப்பின் மரத்தாலான சீபேர்ட் படகுகளும் வங்கில் பலகை அறைந்து இடுக்கில் பஞ்சு அடிக்கும் மரபைச் சேர்ந்தவை. இப்படிப் பஞ்சு அடிப்பதைக் கலப்பத்து என்கிறோம். தச்சனின் கை தெரிவது இங்கேதான். குறைவாக அடித்தால் ஒழுகும். மிகுதியாக அடித்தால், மரம் ஊறிப் பருக்கும்போது பலகை வங்கைவிட்டு விலகும். மாதக்கணக்கில் கரையில் காய்ந்த படகு நீரில் இறங்கிய முதல் சில நாள் ஒழுகத்தான் செய்யும். இறைத்துக்கொண்டே பொறுத்திருந்தால் மரமே இடுக்கை அடைத்துக்கொள்ளும். பொறுமை இல்லாதவர் கெட்டிப் பசையைத் திணித்துப் படகைக் கெடுக்கிறார்.

அதைவிடப் பெரிய கேடு, பழைய பலகைப் படகின்மேல் கண்ணாடியிழையைப் போர்த்துவது. கோவாவில் கட்டிய 'மாதேய்' போல மெல்லிய மரக்கீற்றும் எபாக்சியும் ஒன்றாகச் சேர்ந்து பிறந்த கலத்துக்கு அது உடம்பின் தோல். அந்தத் தோலோடுதான் மாதேய் 2012 நவம்பரில் மும்பையில் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013-இல் திரும்பியது. ஊறியும் உலர்ந்தும் அசையும் பழைய பலகைக்கோ அந்தப் போர்வை வெறும் மூடாக்கு. உள்ளே ஈரம் தங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே மக்கல். விற்பவர் அந்தப் பளபளப்பைக் காட்டினால் நம்பாதீர்கள்.

மரத்தை மக்கவைப்பது கடல்நீரைவிட மழைநீர்தான். நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுவது அந்த நீர்தானே. மேல்தளமும் பக்கப்பலகையும் கூடும் மூலை, பாய்மரம் தளத்தில் இறங்கும் துளை, ஜன்னல் சட்டம்: இங்கெல்லாம் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல மரம் கணீரென்னும். கெட்டது சொத்தையாக ஒலிக்கும். புது வண்ணத்துக்கும் புதுப் பாய்க்கும் ஒதுக்கும் பணத்தை முதலில் இந்த மூலைகளுக்கு ஒதுக்குங்கள்.

மரமும் உருவமும் போக, கப்பலோடு வரும் ஆட்களும் உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற சரக்குப் பாய்க்கப்பலை 1930-களில் அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். அது 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆயிற்று. சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து 1938-இல் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. உரியவர் மாறியிருந்தார், பெயர் மாறியிருந்தது. பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்களில் வல்வெட்டித்துறைக்காரர்கள் இருந்தார்கள்.