பதினேழு எடுத்தவருக்கு மூன்றாமிடம்

மூன்று ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அ, ஆ, இ போதும். மூவரும் ஒரே போட்டியில் ஆளுக்கு 18 ஆட்டம் ஆடி முடித்திருக்கிறார்கள். அ எடுத்தது 17 புள்ளி. ஆ எடுத்தது பதினாறரை. இ எடுத்தது 16. பட்டம் இ-க்குப் போகிறது. அடுத்த இடம் ஆ-வுக்கு. பதினேழு எடுத்த அ மூன்றாமிடத்தில் நிற்கிறார்.

அச்சுப்பிழை இல்லை. அமெரிக்காவில் 1943இல் தொடங்கிய ‘கோல்டன் நைட்ஸ்’ தபால் சதுரங்கப் போட்டியின் கணக்குப்படி இது நடக்கக்கூடியதுதான். தேசியப் பட்டம் ஒன்றைத் தபாலிலேயே நடத்தி முடிப்பது எப்படி என்று கேட்டால் பலரும் அஞ்சலட்டையைப் பற்றியும் தபால்காரரைப் பற்றியும் பேசுவார்கள். என் கண்ணில் முதலில் படுவது இந்தப் புள்ளிக் கணக்கு. ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. நடுவர் ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் காண்பதில்லை. அப்படிப்பட்ட போட்டியை ஜனங்கள் மதிக்கும்படி நிமிர்த்தி நிறுத்தியது அந்தக் கணக்குதான் என்பது என் கட்சி.

அதற்குமுன் போட்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம்.

‘செஸ் ரிவ்யூ’ பத்திரிகையை ஐசக் காஷ்டனும் ஆல் ஹாரோவிட்ஸும் 1933இல் தொடங்கினார்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பத்திரிகை ஆரம்பித்ததுதான் கோல்டன் நைட்ஸ். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டுக்குப் போகும் சதுரங்க அட்டைகளுக்கு அமெரிக்கத் தணிக்கைத் துறை தடை போட்டிருந்தது. எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி எழுதியிருந்தால் அது குதிரை நகர்வா, உளவுச் சேதியா என்று யார் பிரித்துச் சொல்வது? உள்நாட்டில் அட்டைகள் தடையில்லாமல் ஓடின. 1969இல் ‘செஸ் ரிவ்யூ’, ‘செஸ் லைஃப்’ இதழோடு இணைந்தபோது போட்டியும் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பின் கைக்கு வந்தது.

மண்டபம் வேண்டாம், தேதி வேண்டாம், மேசை நாற்காலி வேண்டாம். விண்ணப்பங்கள் வரவர, ஏழு பேர் சேர்ந்ததும் ஒரு குழு. யார் யாருடன், யாருக்கு வெள்ளை, யாருக்குக் கருப்பு, முகவரி என்ன என்று ஒரு தாள் ஏழு பேருக்கும் போகும். குழுவில் எல்லோரும் எல்லோரோடும் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஆளுக்கு ஆறு ஆட்டம்: மூன்றில் வெள்ளை, மூன்றில் கருப்பு. ஆறும் ஒரே சமயத்தில் தொடங்கும். திங்கட்கிழமை ஒருவருக்கு ராணியைப் பலி கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை இன்னொருவருடன் சிப்பாய் சண்டையில் உட்காரலாம். நாலரைப் புள்ளி எடுத்தவர் அரையிறுதிக்குப் போவார். அங்கேயும் ஏழு பேர் குழு, ஆறு ஆட்டம். அதையும் தாண்டினால் இறுதி. அதுவும் அதே அளவு. மூன்று சுற்று, 18 ஆட்டம்.

குழுவில் முதலிடம் பிடித்தவர் மட்டும் மேலே போவார் என்று விதி இல்லை என்பதைக் கவனியுங்கள். வரம்பைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் வழி உண்டு. ஒரு குழுவில் இருப்பது 21 புள்ளிதான். ஏழு பேரும் மாற்றி மாற்றி டிரா செய்தால் ஆளுக்கு மூன்று, ஒருவரும் தேறமாட்டார்கள். நான்கு பேர் மற்ற மூவரை அடித்துவிட்டுத் தங்களுக்குள் டிரா செய்துகொண்டால் நால்வரும் சரியாக நாலரையில் மேலே போய்விடலாம். ஐந்து பேருக்குக் கணக்கு இடம் கொடுக்காது.

தபால் ஆட்டத்தில் கடிகாரம் எங்கே இருக்கிறது? அட்டையின் மூலையில், அஞ்சலக முத்திரையில். எதிராளியின் அட்டை கையில் கிடைத்த நாளிலிருந்து பதிலைத் தபாலில் சேர்த்த நாள் வரைக்கும்தான் யோசனை நேரம். வழியில் ஆகிற நாள் யார் கணக்கிலும் இல்லை. பத்து நகர்வுக்கு முப்பது நாள் என்பது பழகிப்போன அளவு. இதில் வேடிக்கை என்னவென்றால், அனுப்பிய தேதிக்கு முத்திரை சாட்சி. கிடைத்த தேதிக்கு ஆட்டக்காரர்தான் சாட்சி. வியாழக்கிழமை வந்த அட்டையைச் சனிக்கிழமை வந்ததாக எழுதினால் இரண்டு நாள் லாபம். கேட்பார் இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் இருவரும் தேதியை எழுதி, செலவான நாளைக் கூட்டிக் காட்டுவார்கள். எதிராளி அதைத் தன் கணக்கோடு ஒத்துப் பார்த்துக்கொள்வார். பாக்கி வைத்திருக்கிற இரண்டு மளிகைக்கடைக்காரர்களின் பேரேடு மாதிரிதான் இருக்கும்.

கைப்பிழைக்கு மன்னிப்பு இல்லை. மனத்தில் ஒன்றை நினைத்து அட்டையில் இன்னொன்றை எழுதிவிட்டால், எழுதியது விதிப்படி ஆடக்கூடிய நகர்வாக இருந்தால், அதுதான் நகர்வு. வாரக்கணக்கில் யோசித்து, கடைசியில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு யானையை இழந்தவர்கள் உண்டு. பலகையில் காய் கை தவறினால் மற்றவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே அந்தப் பிழை மூன்று நாள் பயணம் செய்து, எதிராளியின் வாசலில் இறங்கி, நன்றி சொல்லும் ஒரு பதிலோடு திரும்பி வரும். கொடுமை.

இருப்பதிலேயே பெரிய தலைவலி மௌனம். அட்டை வரவில்லை. தபால் தொலைந்ததா, எதிராளி தோற்கிற நிலையில் படுத்துவிட்டாரா, உண்மையிலேயே உடம்பு சரியில்லையா? சில நாள் பொறுத்து அதே நகர்வை மறுபடி எழுதி அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் போட்டி இயக்குநருக்கு எழுத வேண்டும். இயக்குநரின் வேலையில் பாதி இந்தப் பஞ்சாயத்துதான். சதுரங்கம் பற்றித் தீர்ப்புச் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு அபூர்வம். ‘செஸ் லைஃப்’பில் அலெக்ஸ் டன் தபால் ஆட்டங்களுக்காக எழுதிவந்த பத்திக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘செக் தபாலில் வந்துகொண்டிருக்கிறது’ என்று வரும். கடன்காரர் சொல்கிற பழைய சாக்கு அது. நல்ல வேளையாக நம் ஊரிலும் வங்கியில் கொடுப்பதும் செக், ராஜாவுக்குக் கொடுப்பதும் செக். சிரிப்பதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். முதல் சுற்றில் ஒரு வெற்றிக்கு 1 புள்ளி. அரையிறுதியில் ஒரு வெற்றிக்கு 2.2. இறுதியில் 4.5. எல்லாவற்றையும் ஜெயித்தால் 6, 13.2, 27, மொத்தம் 46.2. தபால் சதுரங்க வட்டாரத்தில் 46.2 என்றால் ஒரு டிராகூட இல்லாத ஓட்டம் என்று அர்த்தம்.

நம் அ முதல் இரண்டு சுற்றையும் முழுசாக ஜெயித்து, இறுதியில் ஒன்றைத் தோற்றவர்: 41.7. ஆ ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டிரா விட்டவர்: 42.35. முதல் சுற்றில் ஒன்று, அரையிறுதியில் ஒன்று என்று தோற்றுவிட்டு இறுதியில் ஆறையும் அடித்தவர் இ: 43. வரிசை தலைகீழாகிவிட்டது.

இது அநியாயம் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. அந்த எண்களைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முதல் சுற்றில் ஒரு ஆட்டத்தைத் தோற்றால் நஷ்டம் 1. அரையிறுதியில் ஒரு டிரா விட்டால் நஷ்டம் 1.1. அரையிறுதியில் தோற்றால் நஷ்டம் 2.2, இறுதியில் டிரா விட்டால் 2.25. அதாவது முந்தின சுற்றின் தோல்வி, அடுத்த சுற்றின் டிராவைவிட எப்போதும் ஒரு மயிரிழை லேசு. 2, 4 என்று ஒழுங்காக இரட்டிப்பு வைத்திருந்தால் அந்த மயிரிழை இருக்காது. எல்லாம் சமத்தில் போய் முட்டிக்கொள்ளும்.

அது ஏன் இவ்வளவு முக்கியம்? இறுதிச் சுற்றிலும் ஒரே குழு இருப்பதில்லை என்பதால். பல குழுக்கள். ஒரு குழுவில் ஆறும் ஜெயித்தவர் இன்னொரு குழுவில் ஆறும் ஜெயித்தவரைச் சந்திக்கவே மாட்டார். சந்திக்காத இருவரில் யார் பெரியவர் என்று சொல்ல அவர்கள் வந்த பாதையைப் பார்ப்பதைவிட வேறு வழி இல்லை. பாதையின் ஆரம்பமோ குருட்டு யோகம். விண்ணப்பம் போட்ட வாரத்தில் உங்களோடு யார் வந்து மாட்டினார்களோ அவர்கள்தான் எதிராளிகள். சொத்தைக் குழுவும் கிடைக்கலாம், புலிகள் நிறைந்த குழுவும் கிடைக்கலாம். அதனால்தான் மொத்தத்தில் முதல் சுற்றின் பங்கு 13 சதவீதம். இறுதிச் சுற்றின் பங்கு 58 சதவீதம். ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து ‘நாக்-அவுட்’ வைக்க முடியாதவர்கள், தசமப் புள்ளியை வைத்து அந்த வேலையைச் சாதித்துக்கொண்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முதல் சுற்று முடிந்து, அரையிறுதிக்கு ஆள் சேர்ந்து, அது முடிந்து, இறுதிக்கு ஆள் சேர்ந்து என்று போனால் வருஷங்கள் ஓடிவிடும். போட்டியின் பெயரோடு வைக்கிற ஆண்டு, விண்ணப்பம் வாங்கிய ஆண்டு. பட்டம் யாருக்கு என்று தெரியும்போது அந்த ஆண்டின் நாட்காட்டி பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். இந்த நீளம் தபால் சதுரங்கத்தின் பிறவிக் குணம். 1987இல் தொடங்கிய பத்தாவது சர்வதேசத் தபால் ஒலிம்பியாட் 1995இல் முடிந்தபோது தங்கம் சோவியத் யூனியனுக்கு, வெண்கலம் கிழக்கு ஜெர்மனிக்கு. இரண்டு நாடும் அப்போது வரைபடத்தில் இல்லை. ஆட்டக்காரர்கள் மட்டும் அட்டை எழுதி முடித்துவிட்டார்கள்.

கோல்டன் நைட்ஸை மூன்று முறை வென்றவர் ஹான்ஸ் பெர்லினர். அடுத்து 1965இல் தொடங்கிய ஐந்தாவது உலகத் தபால் சாம்பியன் போட்டியில் 16 ஆட்டத்தில் 14 புள்ளி எடுத்தார். ஒரு தோல்வி இல்லை. அதே பெர்லினர்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘ஹைடெக்’ என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கினார். 1988இல் அது கிராண்ட்மாஸ்டர் ஆர்னால்ட் டென்கரை ஒரு மேட்சில் தோற்கடித்தது. தபால் சதுரங்கத்தின் உச்சியில் நின்றவரே அதற்குக் குழி வெட்டியவர்களில் ஒருவர் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். முழுப் பொய் இல்லை.

கணினி வந்தபின் பாதை இரண்டாகப் பிரிந்தது. சர்வதேசத் தபால் சதுரங்கக் கூட்டமைப்பு என்ஜினை, அதாவது நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலை, அனுமதித்துவிட்டது. 2004 முதல் அதன் ஆட்டங்கள் சர்வரில் நடக்கின்றன. நேரத்தைச் சர்வரே பார்த்துக்கொள்கிறது, கிடைத்த தேதியைப் பற்றிய சந்தேகத்துக்கே இடமில்லை. பலகையில் ஏழு காய்க்கு மேல் இல்லையென்றால், அந்த நிலைக்கு முடிவு ஏற்கெனவே கணித்து வைக்கப்பட்டிருப்பதைக் காட்டி வெற்றியோ டிராவோ கோரலாம். நேர்மையான ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உச்சத்தில் டிரா மேல் டிராவாகக் குவிகிறது. ஒன்றிரண்டு வெற்றி கிடைத்தவர் மாலை வாங்கிக்கொள்கிறார்.

அமெரிக்கக் கூட்டமைப்பு தன் உள்நாட்டுப் போட்டிகளில் அந்த வழிக்குப் போகவில்லை. 2004இல் மின்னஞ்சலுக்கென்று ‘எலக்ட்ரானிக் நைட்ஸ்’ ஒன்றைச் சேர்த்தது. அங்கேயும் சரி, அட்டையிலும் சரி, புத்தகமும் பழைய ஆட்டத் தொகுப்பும் பார்க்கலாம், என்ஜின் கூடாது. யார் கண்காணிப்பது? யாரும் இல்லை. கிடைத்த தேதியை ஆட்டக்காரர் வாய்ச்சொல்லாக ஏற்றுக்கொண்ட அதே அமைப்புதான் இதையும் வாய்ச்சொல்லாக ஏற்றுக்கொள்கிறது. இரண்டு நாள் திருடுவதற்கும் கிராண்ட்மாஸ்டரைவிடப் பலமான மூளையைத் திருடுவதற்கும் வித்தியாசம் மலையும் மடுவும் என்பது உண்மை. இருந்தாலும் எனக்குத் தடைதான் பிடித்திருக்கிறது. அங்கேதான் இன்னும் ஆட்டக்காரர்கள் தப்புப் பண்ணுகிறார்கள், ஆட்டங்களுக்கு முடிவு வருகிறது.

அட்டைப் போட்டி இன்னும் மூடப்படாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அமெரிக்கச் சிறைகளில் இருப்பவர்கள். அவர்களில் பலருக்கு இணையம் கிடையாது, அட்டைதான் வழி. நடுவர் கண் படாத விளையாட்டில், எதிராளி என்ஜின் பார்க்கவில்லை என்று தூக்கத்திலும் சத்தியம் செய்யக்கூடிய ஆட்டம் ஒரு கைதியுடன் ஆடுகிற ஆட்டமாக இருக்கிறது.

நம் இ-யிடம் திரும்புவோம். அவர் தன் ஆறாவது இறுதி ஆட்டத்தையும் ஜெயித்து, முடிவை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். கையில் 43. ஆனால் நாட்டின் வேறொரு மூலையில், பெயர் மட்டுமே தெரிந்த ஒருவர், இன்னொரு குழுவில், யானையும் சிப்பாயும் மிச்சமிருக்கிற ஒரே ஆட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் அதை ஜெயித்தால் 43.5. டிரா ஆனால் 41.25. பத்து நகர்வுக்கு முப்பது நாள். அவரும் சரி, அவருடைய எதிராளியும் சரி, அவசரப்படுகிற ஆள் இல்லை.